அரை இராத்தல் தானியம்: தாது வருடப் பஞ்சத்தில் கிடைப்பருமையும் தெரிவின் விலையும் (1876–1878)

ஆய்வுச் சுருக்கம்

கிடைப்பருமை, வாய்ப்புச் செலவு, தெரிவு ஆகியன பொருளியலின் அடிப்படைக் கருத்துகள். வளங்கள் குறைவானவை என்பதை முன்னரே முடிவான ஒன்றாகக் கொண்டு, அக்குறைவுக்குள் மனிதர் எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதையே பாடநூல்கள் விளக்குகின்றன. எந்த வளம் அரியது என்பதை யார் முடிவு செய்கிறார் என்ற வினா அங்கு எழுவதில்லை. 1877ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பஞ்ச நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் அளிப்பது என்பது குறித்து ரிச்சர்டு டெம்பிளுக்கும் வில்லியம் ராபர்ட் கார்னிஷுக்கும் இடையே நிகழ்ந்த விவாதத்தை இக்கட்டுரை அவ்வினாவின் வழியே ஆராய்கிறது. அன்று அரியதாகக் கருதப்பட்டது தானியமன்று, கருவூலப் பணமே என்பதும், தெரிவின் விலையில் ஒரு பகுதி எக்கணக்கிலும் ஏறாது போயிற்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், கிடைப்பருமை, வாய்ப்புச் செலவு, நிவாரணக் கூலி, டெம்பிள், கார்னிஷ், சென்னை மாகாணம்.

முன்னுரை

லயனல் ராபின்ஸ் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பொருளியலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். மனிதரின் நோக்கங்கள் பல. அவற்றை நிறைவேற்றும் சாதனங்கள் அரியன. அச்சாதனங்களுக்கு மாற்றுப் பயன்பாடுகளும் உண்டு. இம்மூன்றும் கூடுமிடத்தில் மனித நடத்தையை ஆராய்வதே பொருளியல் என்பது அவ்விலக்கணத்தின் சாரம். தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் ‘கிடைப்பருமை இலக்கணம்’ என வழங்குகின்றன. ஒரு பொருளை ஒரு பயனுக்குச் செலவிட்டால் அதனால் விளைந்திருக்கக்கூடிய பிற பயன்களுள் சிறந்ததை இழக்கிறோம். அவ்விழப்பே வாய்ப்புச் செலவு. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் இவ்வுண்மையை மறுப்பார் இலர்.

வரலாற்று மாணவருக்கு இங்கு வேறொரு வினா எழுகிறது. சாதனம் ‘அரியது’ எனப்படும்போது யாருக்கு அரியது? விட்டுக்கொடுக்க வேண்டும் எனப்படும்போது தெரிவு செய்பவரும் விட்டுக்கொடுப்பவரும் ஒருவர்தாமா? ஒரு குடும்பத் தலைவர் தம் வருவாயை அரிசிக்கும் துணிக்கும் பகிரும்போது தெரிபவரும் இழப்பவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஓர் அரசு பஞ்ச காலத்தில் தெரிவு செய்யும்போது நிலைமை அவ்வாறில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தாது வருடப் பஞ்சம் தக்க களமாகும். 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரையிலான தாது ஆண்டில் தொடங்கி, அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் நீடித்த இப்பஞ்சத்தின்போது ஆட்சியாளர் தம் முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் விரிவாக எழுதி வைத்தனர். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ இதழாசிரியரும் நிவாரண நிதிக் குழுவின் மதிப்புறு செயலாளருமான வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறும், 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணைய அறிக்கையும், 1871, 1881 ஆண்டுகளின் குடிக்கணக்குகளும் இக்காலத்திற்குரிய முதன்மைச் சான்றுகளாகும். செவ்வியல் பொருளியல் கோட்பாடு ஆங்கில ஆட்சியின் கொள்கைகளை வடிவமைத்த முறையை எஸ். அம்பிராஜன் (1978) ஆராய்ந்துள்ளார். சென்னை மாகாண உழவரின் பஞ்ச அனுபவத்தை டேவிட் ஆர்னால்டும் (1984), உணவுத்தேவை பற்றிய அளவீட்டுப் பூசல்களை டேவிட் ஹால்-மாத்யூஸும் (2008) விளக்கியுள்ளனர். இவர்தம் ஆய்வுகளைத் துணைக்கொண்டு, நிவாரணக் கூலி விவாதத்தைத் தெரிவுக் கோட்பாட்டின் கருத்துகளால் அணுகுவதும், அதன்வழி அக்கருத்துகளின் எல்லையை அறிவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கிடைப்பருமை, பற்றாக்குறை, பஞ்சம்

முதலில் சொற்களைப் பிரித்துணர்தல் வேண்டும். கிடைப்பருமை என்பது எக்காலத்தும் உள்ள நிலை. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் நிலமும் உழைப்பும் அளவுக்குட்பட்டவையே. பற்றாக்குறை என்பது நடப்பு விலையில் வேண்டுவோர் வேண்டும் அளவுக்குப் பொருள் கிடைக்காத நிலை. பஞ்சம் என்பது மக்கள் உணவைப் பெறும் வழியற்றுப் பெருந்தொகையாக மடியும் சமூக நிகழ்வு. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே தொடர்வன அல்ல. உணவு உற்பத்தி குறையாத இடத்திலும் பஞ்சம் நேரலாம். குறைந்த இடத்தில் நேராமலும் இருக்கலாம். 1981இல் அமர்த்திய சென் முன்வைத்த உரிமைப்பேறு பற்றிய கோட்பாடு இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. ஒருவர் உழைத்தோ விற்றோ மாற்றியோ உணவைத் தம் உரிமையாக்கும் ஆற்றலை இழக்கும்போது, கடைத்தெருவில் தானியம் இருந்தும் பட்டினி நேர்கிறது.

1876இல் தென்மேற்குப் பருவமழை குன்றியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை முதலிய மாவட்டங்களும், தமிழ்ப் பகுதியில் வடஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயம்புத்தூர், மதுரை முதலிய மாவட்டங்களும் பெரும் பாதிப்புக்குள்ளாயின. விளைச்சல் வீழ்ந்தது உண்மை. ஆனால் முதலில் பட்டினிக்கு ஆளானோர் கூலி உழவர், நெசவாளர், தோல் தொழிலாளர் முதலியோர். வேளாண் வேலை நின்றதால் கூலி நின்றது. உணவுக்கே காசு போதாதபோது பிறர் துணி வாங்குவதை நிறுத்தியதால் தறி நின்றது. தானிய விலை இருமடங்காகவும் மும்மடங்காகவும் உயர்ந்தபோது, விற்கத் தானியம் உடையோர் அவ்விலையால் பயனடைந்தனர். உழைப்பை மட்டுமே விற்கக்கூடியோர் கடைத்தெருவுக்கே வர இயலாதோர் ஆயினர். ஒரே மழையின்மை இருவேறு விளைவுகளைத் தந்தது.

மூன்று பஞ்சங்களும் இருவகைப் பிழைகளும்

நிவாரணத்தில் இருவகைப் பிழைகள் நேரக்கூடும். தேவையற்றோருக்கும் உதவி சென்று பணம் வீணாதல் ஒன்று. தேவையுற்றோருக்கு உதவி எட்டாது உயிர் போதல் மற்றொன்று. தகவல் முழுமையாகக் கிட்டாத சூழலில் ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று பெருகும். இது மெய்யான விட்டுக்கொடுப்பு. ஆதலின் ஆட்சியாளர் எப்பிழையைப் பெரிதாக அஞ்சினர் என்பதை அறிந்தால் அவர்தம் முடிவுகளை விளங்கிக்கொள்ளலாம்.

1866ஆம் ஆண்டு ஒரிசாப் பஞ்சத்தில் அரசு வணிகரை நம்பிக் காத்திருந்தது. தானியம் தருவிக்க முடிவெடுத்தபோது பருவக் கடல் கரையை மூடிவிட்டது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அப்பழி நினைவிலிருந்த நிலையில் 1873–74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தது. அங்கு நிவாரணத்தை நடத்திய ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து சுமார் நான்கரை இலட்சம் டன் அரிசியைத் தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் செலவு ஆறரைக் கோடி ரூபாயை எட்டியதும், தருவித்த அரிசியில் ஒரு பகுதி எஞ்சியதும் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின. உயிர்கள் காக்கப்பட்டது வெற்றியாக எண்ணப்படவில்லை; அவ்வளவு பெரிய பஞ்சமே வந்திருக்காது என்பதற்கு அதுவே சான்றாகக் காட்டப்பட்டது. தடுக்கப்பட்ட சாவுகளைக் கண்ணால் காண இயலாது. எஞ்சிய அரிசி மூட்டைகளையோ எவரும் எண்ணலாம்.

1877 சனவரியில் அதே டெம்பிள், வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசால் பஞ்சச் சிறப்புப் பேராளராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். சிக்கனமே அவருக்கு இடப்பட்ட கட்டளையின் உயிர்நாடி. சென்னையில் அவர் எடுத்த முடிவுகளைத் தனிமனிதக் கொடுமையாக மட்டும் காண்பது வரலாற்றுக்குப் போதாது. முன்பு உயிரின் பக்கம் தவறியதற்காகக் கண்டிக்கப்பட்ட ஓர் அதிகாரி, இம்முறை பணத்தின் பக்கம் தவறாதிருக்க முனைந்தார் என்பதே பொருத்தமான விளக்கம். அவ்வாண்டிலேயே அவர் பம்பாய் ஆளுநரானார். முடிவெடுப்போர் எதற்காகப் பாராட்டும் கண்டனமும் பெறுகின்றனர் என்பது முடிவின் திசையை மாற்றும் என்னும் பொருளியல் உண்மைக்கு இது வலுவான சான்று.

ஓர் இராத்தலா, ஒன்றரை இராத்தலா

நிவாரணப் பணிகளில் உழைப்போருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சில்லறைத் தேவைக்கான சிறு காசும் போதும் என டெம்பிள் வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவருக்கும் இதனினும் குறைவு. குறைந்த அளவில் உடல்நலம் நிலைக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அவர்தம் வாதம். கூலி கவர்ச்சியாக இருந்தால் வேறு வழியுடையோரும் வந்து சேர்வர். குறைவாக இருந்தால் மெய்யாகவே வழியற்றோர் மட்டுமே வருவர் என்பது அதன் பின்னிருந்த கணிப்பு. வேலை செய்யும் கட்டாயமும், ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள பணியிடத்துக்குச் செல்லும் கட்டாயமும் இதே நோக்கில் ‘சோதனைகளாக’ வைக்கப்பட்டன.

சென்னை மாகாண நலவாழ்வு ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதனை எதிர்த்தார். உழைக்கும் ஆணுக்குக் குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் தேவை என அவர் வற்புறுத்தினார். சிறைகளில் வழங்கப்பட்ட உணவளவு முதலான பதிவுகளே அவருடைய கருவிகள். பஞ்சத்தால் ஏற்கெனவே மெலிந்து வந்தவர், உடல் நலமுற்றவரைவிடக் குறைந்த உணவில் கடின உழைப்பைத் தாங்குவார் எனக் கொள்வதற்கு எச்சான்றும் இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு.

இன்றைய அளவையில் இதனை எளிதாகக் கணக்கிடலாம். ஓர் இராத்தல் என்பது சுமார் 454 கிராம். 100 கிராம் தானியம் ஏறத்தாழ 350 கலோரி ஆற்றல் தரும் எனக் கொண்டால், டெம்பிளின் அளவு சுமார் 1,600 கலோரி. கார்னிஷ் கோரியது தானியத்தில் மட்டும் சுமார் 2,400 கலோரி. மண் வெட்டிச் சுமக்கும் ஒருவருக்கு முதல் அளவு போதாது என்பது இக்கணக்கால் விளங்கும். மேலும் கூலி பெறுபவர் தம் குழந்தைகளுடனும் முதியோருடனும் அதனைப் பகிர்ந்திருப்பர் என்பதையும் கருத வேண்டும்.

இங்கு நோக்கத்தக்கது அவ்விருவரின் வாதங்களும் வெவ்வேறு பிழைகளை அஞ்சின என்பது. டெம்பிள் கருவூலத்தின் பக்கமிருந்து, தேவைக்கு மேல் சென்றுவிடுமோ என அஞ்சினார். கார்னிஷ் உடலின் பக்கமிருந்து, தேவைக்குக் கீழ் சென்றுவிடுமோ என அஞ்சினார். இவ்விரு பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. மிகுதியாகக் கொடுத்த தானியத்தை அடுத்த மாதம் குறைத்துக்கொள்ளலாம். குறைவாகக் கொடுத்ததால் போன உயிரை அடுத்த மாதம் மீட்க இயலாது. மீளக்கூடிய பிழைக்கும் மீளாப் பிழைக்கும் இடையே தெரிவு செய்ய நேரும்போது அவற்றைச் சமமாக நிறுத்தல் தகாது. கார்னிஷின் வாதத்தில் இக்கருத்து உள்ளடங்கியிருந்தது. டெம்பிளின் ‘சோதனை’ இதனைப் புறந்தள்ளியது.

1877இன் முற்பாதியிலேயே சென்னை அரசு தானிய அளவை ஒன்றேகால் இராத்தலாக உயர்த்தி, ஒன்றரை அவுன்சு பருப்பையும் சேர்த்தது. இரு தரப்புக்கும் நடுவில் நின்ற இம்முடிவு கார்னிஷின் கோரிக்கையில் பாதியை ஏற்றது.

எது அரியதாக இருந்தது?

அந்த அரை இராத்தலைத் தர இயலாத அளவுக்குத் தானியம் அருகியிருந்ததா? 1876இன் இறுதியில் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு ஆர்பத்நாட் கம்பெனி வழியாக வெளியே அறிவிக்காமல் 30,000 டன் தானியத்தை வாங்கியது. அரசு வாங்குவதை அறிந்தால் வணிகர் பின்வாங்குவர் எனக் கூறி இந்திய அரசு இதனைக் கண்டித்தது. ஒரு டன் 2,240 இராத்தல். ஆகவே 30,000 டன் என்பது 6 கோடியே 72 இலட்சம் இராத்தல். நிவாரணப் பணியாளர் 10 இலட்சம் பேர் எனக் கொண்டு, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கூடுதலாக அரை இராத்தல் அளித்தால் ஒரு நாள் தேவை 5 இலட்சம் இராத்தல். அரசு வாங்கிய அந்த ஒரே கொள்முதல் 134 நாள்களுக்குப் போதுமானது. நான்கு மாதங்களுக்கும் மேல் விவாதப் பொருளான வேறுபாடு முழுவதையும் அது நிரப்பியிருக்கும்.

இதனைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. 1877–78 காலத்தில் இந்தியாவிலிருந்து சுமார் 3,20,000 டன் கோதுமை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. அக்கோதுமை வடநாட்டில் விளைந்தது. சென்னைக்குக் கொண்டுவரப் போக்குவரத்து வேண்டும். ஏற்றுமதியைத் தடுத்தால் வேறு விளைவுகளும் நேரும். இவையெல்லாம் கருதத்தக்கனவே. ஆயினும் நாட்டில் தானியமே இல்லை என்னும் கூற்றை இவ்வெண் ஏற்கவில்லை.

போக்குவரத்து ஒரு மெய்யான தடையாக இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்தன. இருப்புப்பாதை அவற்றை ஓரளவே உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது. பாதைக்கு அப்பாலிருந்த ஊர்களுக்கு மாட்டுவண்டியே வழி. தீவனமின்றி மாடுகள் மடிந்தமையால் வண்டிகள் நின்றன. ஆனால் இத்தடை கூலி அளவைக் குறைப்பதற்கான காரணமாக டெம்பிளால் முன்வைக்கப்படவில்லை. அவர் காட்டிய காரணம் செலவு.

அச்செலவுக் கவலைக்கும் அடிப்படை இருந்தது. 1870களில் வெள்ளியின் மதிப்பு வீழ்ந்ததால் இங்கிலாந்துக்குப் பொன்னாகச் செலுத்த வேண்டிய தொகைகளின் சுமை ரூபாய்க் கணக்கில் கூடியது. நிலவரி வருவாய் பஞ்சத்தால் குறைந்தது. ஆனால் கருவூலத்தின் எல்லை வானத்தால் வகுக்கப்பட்டதன்று. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் பேரரசி பட்டமேற்பைக் கொண்டாடும் தர்பார் பெருஞ்செலவில் நடந்தது. 1878 நவம்பரில் இரண்டாம் ஆப்கானியப் போர் தொடங்கியது. எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பது வரிசைப்படுத்தலின் விளைவு. கிடைப்பருமை என்னும் சொல் அவ்வரிசையை இயற்கையின் கட்டளைபோல் தோன்றச் செய்தது.

இவ்விடத்தில் கோட்பாட்டின் பங்கையும் குறிப்பிடல் வேண்டும். தானிய வணிகத்தில் அரசு தலையிட்டால் அருந்தல் பஞ்சமாக முற்றும் என்னும் கருத்தை ஆடம் ஸ்மித் 1776இல் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் மால்தூஸ் பொருளியல் கற்பித்தார். உயரும் விலை தானியத்தைத் தேவையான இடத்துக்கு ஈர்க்கும் என்பது அக்கோட்பாட்டின் நம்பிக்கை. அது வணிகரைப் பொறுத்தவரை ஓரளவு உண்மையாயிற்று. மூட்டைகள் சென்னைக்கு வந்தன. ஆனால் விலை ஈர்ப்பது வாங்கும் ஆற்றலின் பக்கமே. கூலியிழந்தோரின் பசிக்கு விலைச் சந்தையில் குரல் இல்லை.

குடியானவர் செய்த தெரிவுகள்

அரசின் தெரிவுகள் ஆவணங்களில் உள்ளன. ஏழைக் குடும்பங்களின் தெரிவுகளை அவர்தம் செயல்களிலிருந்தே அறிய வேண்டும். விதைத் தானியத்தை உண்பதா, அடுத்த மழைக்கு வைப்பதா? மாட்டை இன்று அடிமாட்டு விலைக்கு விற்பதா, நாளை உழுவதற்குத் தீவனம் தேடிக் காப்பதா? பாத்திரமும் நகையும் எல்லோரும் ஒரே காலத்தில் விற்றமையால் அவற்றின் விலை வீழ்ந்தது. தானிய விலை உயரவும் உடைமை விலை தாழவும் குடும்பங்கள் இருபுறமும் நெருக்குண்டன. இலங்கையின் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் புலம்பெயர்ந்தோர் தொகை பெருகியது.

நிவாரண முகாமுக்குச் செல்வதும் ஒரு தெரிவே. சென்றால் கூலி உண்டு. ஆனால் ஊரிலிருக்கும் வீடும் எஞ்சிய பயிரும் காப்பாரற்றுப் போகும். கூட்டம் நிறைந்த முகாம்களில் வாந்திபேதி பரவியது. மெலிந்த உடல் நெடுவழி நடக்க வேண்டும். ஆகவே பலர் இயன்றவரை ஊரிலேயே தங்கி, இயலாத நிலையில் முகாமை அடைந்தனர். அதிகாரிகள் வைத்த சோதனையின் பிழை இங்குத் தெளிவாகும். முகாமுக்கு வராமையைத் தேவையின்மையின் அடையாளமாக அவர்கள் படித்தனர். உண்மையில் வரும் விலை உயர்ந்தமையால் தேவையுற்றோரும் வாராதிருந்தனர். கிராமத்தை ஒட்டிய சிறுபணிகளை மூடிப் பெரும்பணிகளைத் திறப்பது மேற்பார்வைச் செலவைக் குறைத்தது. அச்செலவு மறையவில்லை, நடப்போரின் கால்களுக்கு மாறியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பின்னர்ப் பக்கிங்காம் பெயரைத் தாங்கிய கால்வாய்ப் பகுதி இப்பஞ்சப் பணிகளுள் ஒன்று.

தமிழ் இலக்கியப் பதிவு இவ்விடத்தில் சிந்தனைக்குரியது. சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899இல் வெளியான ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ இப்பஞ்சத்தை அங்கதமாகப் பாடுகிறது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சுந்தரேசுவரரிடம் முறையிட, இறைவனோ தாமே காக்க இயலாது சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் கொடுத்தனுப்புகிறார். பாணபத்திரருக்குச் சேரமான் பெருமாளிடம் திருமுகம் கொடுத்த திருவிளையாடலை அறிந்த வாசகர், அதன் நகையையும் கசப்பையும் ஒருங்கே உணர்வர். அப்பாட்டில் வினா ‘தானியம் உண்டா’ என்பதன்று; ‘கொடுக்கும் கடமை யாருடையது’ என்பதே. சுந்தரேசுவரரே திருமுகம் எழுதிக் கடமையைக் கைமாற்றுவதாகப் பாடிய புலவருக்கு, கடமை அலுவலகம் அலுவலகமாகக் கைமாறிய ஆட்சிமுறை புதிதாயிருந்திராது.

கணக்கில் ஏறாத விலை

1871இல் சேலம் மாவட்டத்தின் குடித்தொகை சுமார் 19.7 இலட்சம். தஞ்சாவூர் மாவட்டத்தின் குடித்தொகையும் ஏறத்தாழ அதுவே. 1881இல் சேலத்தில் சுமார் 16 இலட்சம் பேர் இருந்தனர்; தஞ்சையில் சுமார் 21.3 இலட்சம். முன்னது ஏறத்தாழ 19 விழுக்காடு குறைய, பின்னது சுமார் 8 விழுக்காடு பெருகியது. இவ்வேறுபாட்டில் புலம்பெயர்வின் பங்கும் உண்டு, எல்லாம் சாவன்று. ஆயினும் ஒப்பான தொகையுடன் தொடங்கிய இரு மாவட்டங்கள் பத்தாண்டில் இவ்வளவு விலகியமைக்குப் பஞ்சமே தலைமைக் காரணம். சென்னை மாகாணம் முழுமையும் 1871இல் சுமார் 3.12 கோடியாக இருந்து 1881இல் சுமார் 3.08 கோடியாயிற்று.

தஞ்சையைக் காத்தது காவிரிப் பாசனம். அது முற்றிலும் இயற்கையின் கொடையன்று. கொள்ளிடத்துக்கு ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்ப ஆர்தர் காட்டன் 1836இல் அமைத்த அணைகளும், அவற்றுக்கு முற்பட்ட கல்லணை மரபும் அதில் அடங்கும். நாற்பது ஆண்டுக்கு முன் செய்த தெரிவின் பயன் 1877இல் தெரிந்தது. இருப்புப்பாதைக்குச் செலவிடும் பணத்தைப் பாசனத்துக்குச் செலவிட்டிருந்தால் என்னாகும் என்பதை 1878இல் நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின்முன் காட்டன் வாதிட்டார். சேலத்து மேட்டுநிலம் முழுவதையும் தஞ்சையாக்க இயலாது என்பதால் அவர் வாதம் முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் வாய்ப்புச் செலவைப் பஞ்ச ஆண்டுக்குள் மட்டும் தேடுவது போதாது என்பதை அது உணர்த்துகிறது.

கூலிக் குறைப்பால் மிஞ்சிய ரூபாய் அரசின் கணக்கில் உடனே தோன்றியது. அதனால் நேர்ந்த சாவுகளோ காய்ச்சல், பேதி, வாந்திபேதி எனப் பதிவேடுகளில் சிதறின. மெலிந்த உடலைத் தொற்றுநோய் எளிதில் கொல்லும். ஆதலின் ‘பட்டினியால் இறந்தோர்’ என்னும் பத்தி சிறிதாகவே இருக்கும். தெரிவின் பயனை ஓர் ஏட்டிலும் விலையை வேறோர் ஏட்டிலும் எழுதினால், எத்தெரிவும் சிக்கனமாகவே தோன்றும்.

பின்னர் வந்த விதிகள்

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இங்கிலாந்து மக்களின் உதவியை நாடியது, நிதி திரண்டது. லிட்டன் நேரில் வந்தார். அடுத்த மாதத்தில் நிவாரணம் பெறுவோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் விட்ட செலவு முடிவில் பெருகி வந்தது. பஞ்சம் முற்றிய பின் அதனை அடக்கும் செலவு, முன்னரே தடுக்கும் செலவினும் மிகுதி என்பது இதனால் விளங்கும்.

1878இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. பஞ்ச அடையாளங்களை முன்கூட்டியே கவனித்தல், பணித் திட்டங்களை ஆயத்தமாக வைத்தல், தானிய விலைக்கேற்பக் கூலியை வகுத்தல் ஆகியன அதன் கூறுகள். முழு உணவளவு டெம்பிளின் ஒற்றை இராத்தலைவிட்டுக் கார்னிஷ் கேட்ட அளவின் பக்கமே சாய்ந்தது. எனினும் வணிகத்தில் தலையிடாமை தொடர்ந்தது. அரசே தானியத்தைச் சேமித்து வைக்கும் யோசனையை ஆதரித்த ஜேம்ஸ் கெயர்டும் சென்னையைச் சேர்ந்த சல்லிவனும் ஆணையத்தில் மாறுபட்ட கருத்தினராகவே நின்றனர்.

விதித்தொகுப்பின் தனிச்சிறப்பு, முடிவை ஒரு தனி அதிகாரியின் அச்சத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் பிரித்து, முன்னரே எழுதப்பட்ட விதிக்குள் கொண்டுவந்தமை. அவ்விதியை எப்போது இயக்குவது, பஞ்சம் என எப்போது அறிவிப்பது என்னும் தெரிவோ ஆட்சியாளர் கையிலேயே தங்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, 1877இல் கூலி அளவைத் தீர்மானித்த கிடைப்பருமை தானியத்தினுடையதன்று, கருவூலத்தினுடையது. அக்கருவூல எல்லையும் வேறு தெரிவுகளால் வகுக்கப்பட்டதே. இரண்டாவது, மீளக்கூடிய இழப்பையும் மீளா இழப்பையும் சமமாக நிறுத்திய முடிவுமுறையே அரை இராத்தலை விவாதப் பொருளாக்கியது. மூன்றாவது, தெரிபவரும் இழப்பவரும் வெவ்வேறானபோது, வாய்ப்புச் செலவு என்னும் கருத்து இழப்பவரின் ஏட்டையும் திறந்து பார்க்கும்வரை நிறைவு பெறாது.

இதனால் ராபின்ஸின் இலக்கணம் பிழையாகிவிடவில்லை. அதனை வரலாற்றுக்குப் பொருத்தும்போது ‘சாதனம் அரியது’ என்னும் முதற்கூற்றையே ஆய்வுக்குரியதாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். வகுப்பறையில் கிடைப்பருமைக்குப் பஞ்சத்தை எடுத்துக்காட்டாகக் கூறும் ஆசிரியர், விளைச்சல் எண்ணோடு நிறுத்தாமல் கூலி விகிதத்தையும் சேலம், தஞ்சைக் குடிக்கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டினால், மாணவர் கருத்தையும் காலத்தையும் ஒருசேரக் கற்பர். சென்னை மாகாணத்தின் பிற மாவட்டக் குடிக்கணக்குகளை இதே முறையில் பாசன நிலப்பரப்போடு ஒப்பிட்டு ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.